பாம்பனிலிருந்து பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ பேசிப் பதினேழு நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். அம்மாவிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன்.

வாடைக்காற்று ஓயவில்லை. வடகடலில் வலை விட முடியாமல் தென்கடலுக்கு மாறியிருக்கிறோம். தம்பி கருவாடு கொண்டுவருவான், வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. சளி எடுக்கிற இடத்தில் மாஸ்க்கைக் கழற்றாதே. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இருமினாய். பனி என்றாய். சரி.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, ஆறு மாசம் சாப்பிட வேண்டிய மாத்திரையைப் பாதியில விட்டுர்றாங்க?" என்று கேட்டாயே. நான் வலை பொத்துகிற சாக்கில் பேச்சை மாற்றினேன். தெருவில் யார் கேட்டாலும், டிபிக்கு ஆராய்ச்சி பண்ணுது எம் பொண்ணு என்று சொல்கிறவன், நீ கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

2003இல் எனக்கே டிபி. என் பேர் எழுதின சிவப்பு மாத்திரைப் பெட்டி ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி போய் நர்ஸம்மா முன்னால் விழுங்க வேண்டும். அந்த மாத்திரை போட்டால் ஒன்றுக்கு செம்மஞ்சளாகப் போகும். வீட்டில் யார் பார்ப்பது? கடலில் வல்லத்துப் படகில் அஞ்சு பேர், மறைவே கிடையாது. ஒருநாள் விளிம்பில் நின்றபோது சின்னப் பையன் ஒருத்தன், "என்ன மாமா, சாயத்தைக் குடிச்சீகளா?" என்று சிரித்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஒரே செம்புதான் பாப்பா. தெரிந்தால் யார் என்னைத் தொழிலுக்குக் கூட்டிப்போவார்கள்? அதிலிருந்து கரை வரும்வரை அடக்கிக்கொண்டே இருப்பேன். ரெண்டு மாசத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. விட்டுவிட்டேன். நர்ஸம்மா வீடு தேடி வந்தார். "கடலுக்குப் போயிருக்காக" என்று அம்மாவைச் சொல்லச் சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். உன் நோட்டில் தூரம், செலவு, குடி என்றெல்லாம் கட்டம் போட்டிருந்தாய். மூத்திரத்தின் நிறத்துக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்.

அடுத்த வருஷம் ரத்தமாக வந்தது. அப்புறம் நீலப் பெட்டி, ரெண்டு மாசம் ஊசி. அதற்குள் அத்தை படுத்துவிட்டாள். பாசி எடுக்கத் தண்ணீரிலேயே கிடந்து நெஞ்சில் சளி கட்டியது என்று உன்னிடம் சொன்னோம். அது பொய். என்னிடமிருந்துதான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் நான் இருமின அதே அறையில்தான் உன்னை அணைத்துக்கொண்டு தூங்கினாள்.

சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் படுத்தாலும், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாவது ஒன்றுதான், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1950களிலேயே சென்னையில் ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டினார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் வீட்டுக் கணக்கு அது. நம் வீட்டில் நான் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. முதல் பெட்டி எழுதும்போது, வீட்டில் ஆறு வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கா, அதற்கும் தடுப்பு மாத்திரை தரணும் என்று கேட்டார்கள். உனக்கு நாலு வயசு. இல்லை என்றேன். பொம்பளைப் பிள்ளை பேர் அந்தப் பதிவேட்டில் ஏறினால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

கிருமி உடம்புக்குள் வருஷக்கணக்கில் தூங்கும் என்று நீயே சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஊர் உலகத்துச் சளியெல்லாம் பார்க்கிறாய். உன் சளியைக் கொடுத்தாயா? காலையில் எழுந்ததும் வருகிற சளியைக் கொடு. உனக்குத் தெரியாததா. என்ன வந்தாலும் முதலில் எனக்குச் சொல். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாத்திரை என்று வந்தால் இங்கே வந்துவிடு. ஆறு மாசமும் ஒரு நாள் விடாமல் நானே எடுத்துத் தருகிறேன்.

அப்பா