பழைய ரிவால்வருக்குப் பாகம் கேட்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"கோல்ட் ரிவால்வர், 1843-ம் வருடம், மெயின் ஸ்பிரிங் ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்டால் எங்களால் எதையும் அனுப்ப முடியாது. கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி, 1860 ஆர்மி ஆகிய இரண்டு மாடல்களின் சிலிண்டரிலும் (குண்டு ஏற்றும் அறைகள் உள்ள சுழலும் உருளை) ஒரு கடற்போர்க் காட்சி பதிந்திருக்கும். அதன் ஓரத்தில் '16 மே 1843' என்று இருக்கும். டெக்சாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய நாள் அது. துப்பாக்கி செய்த நாள் அல்ல. ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மியின் குழல் மேல் உள்ள 'செப்டம்பர் 14, 1858' என்பதும் காப்புரிமைத் தேதிதான். அந்த மாடல் 1863-ல் தொடங்கி 1875 வரை உற்பத்தியானது. பொருளின் மேல் தெரிகிற வருடத்தை அப்படியே நம்பி எழுதினால் தவறான பாகம்தான் வந்து சேரும். அதனால்தான் நாங்கள் படமும் அளவும் கேட்கிறோம்.

எதையும் தொடுவதற்கு முன் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டா போடும் வகையில் சிலிண்டரைத் திறந்தால் தெரிந்துவிடும். சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து கரிமருந்தும் ஈயக்குண்டும் இடித்து ஏற்றும் பழைய வகையில் அப்படித் தெரியாது. ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கடந்தும் தீப்பிடிக்கும். முதலில் சிலிண்டரின் பின்பக்கத்தில் உள்ள சிறு குழாய்களான நிப்பிள்களில், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு கை வைக்க வேண்டாம். இல்லையென்றால், குழலின் வாய் உங்களையும் வேறு யாரையும் நோக்காமல் வைத்துக்கொண்டு, மெல்லிய மரக்குச்சியைச் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் மெதுவாக விட்டு, ஆழத்தைக் குச்சியில் குறியுங்கள். ஓர் அறை மட்டும் ஆழம் குறைந்திருந்தாலோ, எல்லா அறைகளுமே சிலிண்டரின் நீளத்துக்குப் பாதிகூட ஆழமில்லாமல் இருந்தாலோ, உள்ளே ஏதோ இருக்கிறது. அதைக் குடைந்தெடுக்கப் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் விட்டுவிடுங்கள்.

அடையாளம் காண்பதற்குப் பெயரைவிட முத்திரை நம்பகமானது. பெயரை யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். பிரிட்டிஷ் நிறுவனமான வெப்லியின் புல்டாக் ரிவால்வர் 1872-ல் வந்ததும் பெல்ஜியத்திலும் வேறு இடங்களிலும் அதே வடிவில் ஏராளமாகச் செய்து, 'பிரிட்டிஷ் புல்டாக்' என்றே பொறித்து விற்றார்கள். துப்பாக்கியின் உறுதியைச் சோதித்த சாலை அடித்த முத்திரையைப் பார்த்தால் ஊர் தெரியும். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் கீழே ஒரு நட்சத்திரமும் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ். அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. கிரீடத்தின் கீழ் என், பி என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா மருந்துக்கான பிரிட்டிஷ் சோதனை. அது 1904 முதல் வந்த முத்திரை. பி, என் எழுத்துகளும் அருகே ஒரு சிறு கட்டத்துக்குள் 'ஏஏ' போன்ற இரட்டை எழுத்தும் இருந்தால், கையில் இருப்பது பழம்பொருள் அல்ல, இத்தாலியின் மறுபதிப்பு. அந்த இரட்டை எழுத்து வருடத்தைக் குறிக்கும்; 'ஏஏ' என்றால் 1975. மறுபதிப்பு என்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பாகம் கிடைப்பது இன்னும் சுலபம். ஆனால் அதன் மரை மில்லிமீட்டர் கணக்கு, அசல் கோல்டின் மரை அங்குலக் கணக்கு. ஒன்றின் நிப்பிளை மற்றொன்றில் முறுக்கினால் சிலிண்டரின் மரையே போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

மங்கிய முத்திரையைப் படிக்கக் கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ வேண்டவே வேண்டாம். அழிந்த எழுத்து திரும்பாது; பழைய நிறம் போனால் பொருளின் மதிப்பும் போகும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படமெடுங்கள். நேரே அடித்த வெளிச்சத்தில் எதுவும் தெரியாது.

தொடர் எண்ணில் இரண்டு சிக்கல்கள் உண்டு. கோல்டில் ஒவ்வொரு மாடலுக்கும் தனி எண்வரிசை ஓடியது; 12,000 என்ற எண் பல மாடல்களில் இருக்கும். ஆகவே மாடல் தெரியாமல் எண்ணை மட்டும் எழுதிப் பயனில்லை. ஸ்மித் அண்ட் வெஸனின் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர்களில், சிலிண்டரைத் தாங்கும் கைக்கு அடியில் தெரிகிற எண் பெரும்பாலும் பட்டறையில் பாகங்களைச் சேர்ப்பதற்காக அடித்த எண். உண்மையான தொடர் எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். பெரிய கைப்பிடி மாட்டியிருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பழைய கோல்டில் குழல், சட்டம் (துப்பாக்கியின் உடற்பகுதி), விசைக்காப்பு, சிலிண்டர், குழலைப் பிடிக்கும் ஆப்பு எல்லாவற்றிலும் எண் இருக்கும். எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். ஒத்துப்போகாத பாகம் வேறு மாடலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இனி ஸ்பிரிங். கோல்ட் வகையில் அதிகம் உடைவது சுத்தியலை இயக்கும் மெயின் ஸ்பிரிங் அல்ல. சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் 'கை' என்ற பாகத்தில் செருகியிருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடும், விசைக்கும், சிலிண்டரை நிறுத்திப் பிடிக்கும் பூட்டுக்கும் சேர்த்து இருக்கும் இரட்டைக்கால் தட்டை ஸ்பிரிங்கும்தான் முதலில் போகும். ஒவ்வொரு முறை சுத்தியலை இழுக்கும்போதும் இரண்டும் வளைந்து நிமிர்கின்றன. துருவால் ஒரு சிறு குழி விழுந்தால் போதும், அந்த இடத்தில் விரிசல் தொடங்கிவிடும். சுத்தியலை இழுத்தும் சிலிண்டர் சுழலவில்லை, ஆனால் துப்பாக்கியின் வாயைக் கீழே சாய்த்தால் சுழல்கிறது என்றால் கையின் தகடு போயிருக்கிறது. சிலிண்டர் எந்த இடத்திலும் நிற்காமல் தளர்வாகச் சுற்றினால் இரட்டைக்கால் ஸ்பிரிங்கின் ஒரு கால் உடைந்திருக்கும்.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு துண்டையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். மொத்த நீளம், அகலம், அடி, நடு, நுனி என மூன்று இடத்தில் தடிமன், திருகாணித் துளையின் விட்டம், துளையின் நடுவிலிருந்து நுனி வரை உள்ள தூரம் ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரில் 0.1 மி.மீ. வரை எடுத்து அனுப்புங்கள். 'வி' வடிவ ஸ்பிரிங் என்றால் இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தேவை.

கழற்றும்போது திருகாணித் தலையின் வெட்டை (வாயை) முழுதாக நிரப்பும், நுனி இணையாகத் தேய்த்த ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். கடையில் கிடைக்கும் ஆப்பு நுனி டிரைவர் வழுக்கி வாயைச் சிதைக்கும். இறுகிப்போன திருகாணிக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். ஓர் அட்டையில் ரிவால்வரின் வடிவத்தை வரைந்து, எடுத்த திருகாணியை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், நீளம் வேறு.

நாங்கள் அனுப்பும் புதிய கையும் பூட்டும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அது குறை அல்ல, பொருத்தித் தேய்ப்பதற்கான மிச்சம். தேய்க்க வேண்டியது புதிய பாகத்தை மட்டுமே. பழைய சட்டத்தில் அரம் படக்கூடாது. கை ஒரு மயிரிழை அதிகம் தேய்ந்தாலும் சிலிண்டர் முழுச் சுற்றுக்கு வராது. பிறகு வேறு கைதான் வாங்க வேண்டும்.

கைப்பிடித் தகடுகளுக்கு அளவு போதாது. சட்டத்தைத் தாளில் வைத்துக் கூர்மையான பென்சிலால் சுற்றி வரைந்து, ஊசித் துளையின் இடத்தையும் குறித்துத் தாளையே அனுப்புங்கள். பழைய கறுப்பு ரப்பர் கைப்பிடி காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். நெம்பி எடுத்தால் உடையும். திருகாணியைப் பாதி தளர்த்தி அதன் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு தானே விலகும்.

குழல், சிலிண்டர், சட்டம் மூன்றும் எங்களிடம் கிடைக்காது. பல நாடுகளில் இவை தனியாகவே துப்பாக்கியாகக் கருதப்படுகின்றன. பழம்பொருள் என்பதன் எல்லையும் நாட்டுக்கு நாடு வேறு: அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 வரை செய்தது என்பது கணக்கு, வேறு சில இடங்களில் தோட்டாவின் அளவே கணக்கு. பாகம் வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர் எண்ணை அழிக்கவோ மறுபடி அடிக்கவோ கேட்டால் செய்ய மாட்டோம்.

எங்கள் பாகங்கள் காட்சிக்கும் பாதுகாப்புக்கும் மட்டும். புதிய ஸ்பிரிங் போட்டு இயக்கம் சீரானதால் குழலும் சிலிண்டரும் உறுதியாகிவிடுவதில்லை. வெப்லி மார்க் 6 சிலவற்றில் சிலிண்டரின் பின்புறத்தைத் தேய்த்து .45 ஆட்டோ தோட்டாவுக்கு மாற்றியிருப்பார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லிக்கு அதிகம். அப்படித் தேய்த்தது போலத் தோன்றினால் ஆர்டரோடு அதையும் எழுதுங்கள், சிலிண்டரின் பின்புறப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாகங்கள் பிரிவு