வெள்ளி என்று விற்ற பித்தளைக் கொக்கிகள்: ஐந்தாவது முறையாகப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம், 643217
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
பொருள்: 925 வெள்ளிக் கம்மல் கொக்கி 60 ஜோடி, ரூ.8,400. பணத்தைத் திருப்பித் தராதது குறித்து.

ஐயா / அம்மா, வணக்கம்.

இதற்கு முன் நான்கு மெயில் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் பதில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றுதான் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ். யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் இந்த முறை தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தபாலை யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

நான் வீட்டிலேயே பாலிமர் க்ளேயில் (சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண்) கம்மல், ஜிமிக்கி, பென்டன்ட் செய்கிறேன். ஆறு வருடமாகச் செய்கிறேன். அதிகம் கேட்டு வாங்குவது குறிஞ்சிப்பூ ஜிமிக்கி. ஊதாவும் நீலமும் கலந்த க்ளேயை மணி மாதிரி உருட்டி, ஊசி முனையால் ஒவ்வொரு இதழாக மடித்துவிட்டு, ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) 130 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, ஆறியதும் வார்னிஷ் பூச வேண்டும். ஒரு காதுக்கு ஒன்பது பூ. ஒரு ஜோடிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கால் சென்டரில் பேசிய ஒரு தம்பி, "வீட்ல சும்மா பொழுதுபோக்குக்குத்தானே மேடம் பண்றீங்க, அதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்று கேட்டார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏப்ரல் 11 அன்று உங்கள் தளத்தில் ஆர்டர் போட்டேன். 19ஆம் தேதி பார்சல் வந்தது. அட்டையில் "925 தூய வெள்ளி" என்று பெரிய எழுத்து. கொக்கியிலும் பொடியாக 925 என்று முத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி என்பதுதான் அதற்கு அர்த்தம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் விற்கும் பொருள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதை நம்பித்தான் "சென்சிட்டிவ் காதுக்கும் பயமில்லாமல் போடலாம்" என்று நானும் ஒவ்வொருவரிடமும் சொல்லி விற்றேன்.

மே மாதம் இங்கே சீசன். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஊரே நிரம்பி வழியும். அந்தச் சமயத்தில் 43 ஜோடி விற்றேன், ஜோடி 350 ரூபாய். வாங்கியவர்களில் 12 பேர் சுற்றுலா வந்தவர்கள். மீதி 31 பேரும் எங்கள் ஊர்க்காரர்கள்.

பத்தே நாள். முதலில் வந்தது என் மகளின் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூட வாசலில் நின்று மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கம்மலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கேட்ட பிறகுதான், "இல்லம்மா, லேசா அரிச்சுது, அப்புறம் தண்ணி மாதிரி வடிஞ்சுது, டாக்டர் நிக்கல் அலர்ஜியா இருக்கும்னு சொன்னார்" என்றார். ஐயா, அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த கொக்கிகளை எடுத்துப் பார்த்தேன். நோஸ் ப்ளையரால் வளைத்த இடத்தில் எல்லாம் வெள்ளைப் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து, உள்ளே மஞ்சள். சிலவற்றில் பச்சையாகக் களிம்பு. வெள்ளி கறுக்கும், அது எனக்கும் தெரியும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். வெள்ளியில் இப்படிப் பச்சைக் களிம்பு கட்டி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் எங்கள் கடைவீதியில் நகை செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் கொக்கியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, அந்த இடத்தில் ஒரே ஒரு சொட்டு திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்துக்கொண்டு வந்தது. "பித்தளைம்மா. மேல வெள்ளி முலாம், அது ஒட்டறதுக்கு அடியில நிக்கல் முலாம். வேர்வை பட்டா காது புண்ணாகாம என்ன பண்ணும்?" என்றார். இதை நான் போனில் வீடியோ எடுத்து இரண்டாவது மெயிலுடன் அனுப்பினேன். பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அதற்கு வந்த பதிலில், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பித்தளை என்று நிரூபிக்க அட்டைப்பெட்டி பிரிக்கிற வீடியோ எதற்கு? பெட்டி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்ததுதான் பொய்.

சரி, அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மே 20 அன்று முதல் மெயில் போட்ட பிறகு நான் ஏழு முறை போன் செய்தேன். ஆறு பேர் மரியாதையாகப் பேசி ஒன்றும் செய்யவில்லை. ஏழாவதாகப் பேசியவர் மரியாதையும் இல்லாமல் ஒன்றும் செய்யவில்லை. "உங்க ஊர்ல பனி ஜாஸ்தி மேடம், எந்த வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும்" என்றார். பாட்டியின் வெள்ளிக் கொலுசு அறுபது வருடமாக இதே ஊர்ப் பனியில்தான் இருக்கிறது, அதில் பித்தளை எட்டிப் பார்க்கவில்லையே என்றேன். அப்போதுதான் பொழுதுபோக்கு என்ற அந்தப் பேச்சு. அடுத்த மூச்சிலேயே, "நீங்க வாங்கி விக்கறவங்க, அதனால கன்ஸ்யூமர் கணக்குல வர மாட்டீங்க" என்றும் சொன்னார். பொழுதுபோக்கா, வியாபாரமா? இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டாவது பேசச் சொல்லுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்று வேறு எனக்குப் பாடம் எடுத்தார். கட்டாயமில்லை என்றால் பித்தளையில் 925 என்று குத்திக்கொள்ளலாமா?

கோயம்புத்தூருக்கு என்னை அனுப்பியதும் அவர்தான். "ரிட்டர்ன் பிக்கப் உங்க பின்கோடுக்கு வராது, மலைப்பகுதி. கோயம்புத்தூர்ல எங்க சென்டர் இருக்கு, நேர்ல கொடுத்தா அன்னைக்கே ரீஃபண்ட்" என்றார். இதே 643217-க்குத்தான் பார்சல் வீட்டு வாசல்வரை வந்தது. கொடுக்க மட்டும் மலை ஏறுவீர்கள், திரும்ப வாங்க ஏற மாட்டீர்கள், அப்படித்தானே?

ஜூன் 6. விடியற்காலை பஸ். குஞ்சப்பனை வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும், கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே இறங்கினேன். மேட்டுப்பாளையத்தில் மாறி, காந்திபுரத்தில் இறங்கி, ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்து நீங்கள் சொன்ன விலாசத்துக்குப் போனால், இழுத்து மூடிய ஷட்டர். உங்கள் பெயர்ப்பலகை கூட இல்லை. வாட்ச்மேன் ஐயா வந்து, "இது கொரியர் குடோன்மா. இங்க யாரும் எதையும் திரும்ப வாங்க மாட்டாங்க. உங்கள மாதிரியே வாரத்துக்கு ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க" என்றார். உட்கார ஸ்டூல் போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். இந்த ஒன்றரை மாதத்தில் என்னை மனுஷியாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். அவரும் உங்கள் ஆள் இல்லை.

அங்கிருந்தே போன் செய்தேன். 22 நிமிடம் பாட்டு போட்டீர்கள். அப்புறம் அதே குரல்: "அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டுப் போயிருக்கணும் மேடம்." வெயிலில், ஷட்டர் முன்னால், கையில் கொக்கிப் பொட்டலத்தோடு நின்று இதைக் கேட்டேன். திரும்பி வீடு வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. மகள் ரவையைக் கிண்டிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள்.

நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். கொக்கிக்கு ரூ.8,400. ஊர்க்காரர்கள் 31 பேருக்கும் வீடு வீடாகப் போய் 350 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன், அது ரூ.10,850. டீச்சர் வாங்க மாட்டேன் என்றார், கையில் திணித்துவிட்டு வந்தேன். கோயம்புத்தூர் போய்வந்த செலவு ரூ.610. இதோடு என் உழைப்பு, க்ளே, கரண்ட், போன மானம். எப்படிக் கூட்டினாலும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் இங்கே வந்து பாருங்கள். சின்ன ஊர். காலையில் பால் வாங்கப் போகும் இடத்தில் என்னிடம் கம்மல் வாங்கியவர் நிற்பார், சாயங்காலம் காய் வாங்கும் இடத்தில் இன்னொருவர். ஆறு வருடம் சேர்த்த பெயர் பத்து நாளில் போய்விட்டது. அந்தப் 12 சுற்றுலாக்காரர்களை நான் எங்கே போய்த் தேடுவது? யார் காது எந்த ஊரில் புண்ணாகிக் கிடக்கிறதோ.

எனக்கு உங்களோடு சண்டை போட விருப்பமில்லை. நூல், ஜம்ப் ரிங், ஹெட் பின் எல்லாம் மூன்று வருடமாக உங்களிடம்தான் வாங்கினேன், அதிலெல்லாம் ஒரு குறையும் இருந்ததில்லை. தவறு உங்கள் சப்ளையருடையதாகக்கூட இருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் மே மாதமே இது முடிந்திருக்கும்.

ஆனால் நான் ஒன்றும் தெரியாதவள் என்று எண்ண வேண்டாம். சித்தப்பா மகன் வக்கீல் ஆபீஸில் இருக்கிறான், எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று இருக்கிறது. வழக்கை நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஊட்டியில் ஆணையம் இருக்கிறது, இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. நீங்கள்தான் மலையேறி வர வேண்டியிருக்கும், அப்போது பின்கோடு வராது என்று சொல்ல முடியாது. ஆன்லைனில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் வருட விதி சொல்கிறது. எனக்கு ஒரு மாதம் தாண்டிப் பத்து நாள் ஆகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். உங்கள் ரீஃபண்டும் அந்தக் கணக்கில்தான் வரும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளில் ரூ.19,860 என் கணக்குக்கு வர வேண்டும். வந்தால் அந்த ஒரு லட்சத்தை நான் பேச மாட்டேன். அந்தத் தம்பியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. டீச்சரிடம் ஒருமுறை போனில் பேசச் சொல்லுங்கள், போதும்.

தயவுசெய்து கவனிக்கவும்.

இப்படிக்கு,
பித்தளை வாங்கிய வாடிக்கையாளர்
கோத்தகிரி, ஜூன் 30

பி.கு.: 1. கொக்கிகளை ஒவ்வொரு ஜோடியாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியிருந்தீர்கள். இது பிளாஸ்டிக் தடையுள்ள மாவட்டம். செக்போஸ்டில் தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்கள், உங்கள் பார்சல் எப்படித் தப்பி வந்ததோ.

2. ஆசாரி அரம் போட்ட கொக்கி ஒன்றும், அரம் போடாத இரண்டு ஜோடியும் இத்துடன் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அரம் போடாததை உங்கள் ஆபீஸில் யாராவது ஒரு வாரம் காதில் போட்டுப் பார்க்கட்டும்.