ஒரு மாவட்டம், ஐந்து எம்.பி.க்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசியல் புவியியல் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்சிப்பரப்பு, எல்லை, இறையாண்மை எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் உதாரணம் முழுக்க காஷ்மீரும் பாலஸ்தீனமும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கொங்குநாட்டுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருப்பூர் மாவட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து 2009 பிப்ரவரியில் உருவான மாவட்டம் இது. சட்டமன்றத் தொகுதிகள் எட்டு. எம்.பி.க்களோ ஐந்து பேர். திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டும்தான் திருப்பூர் மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. தாராபுரமும் காங்கயமும் ஈரோட்டில், பல்லடம் கோவையில், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். எங்கள் அவிநாசி நீலகிரியில்! ஊட்டிக்கும் கூடலூருக்கும் யார் எம்.பி.யோ அவரேதான் எங்களுக்கும். பச்சைத் தேயிலை விலைக்கும் விசைத்தறிக் கூலிக்கும் டெல்லியில் அவர் ஒருவரே பேச வேண்டும்.

மறுபக்கமும் இதே கதைதான். திருப்பூர் மக்களவைத் தொகுதியில் மீதி நான்கும் ஈரோடு மாவட்டத்து ஊர்கள்: பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி. கர்நாடக எல்லையில் இருக்கும் பர்கூர் மலைக்காரருக்கும் பனியன் நகரத்து எம்.பி.தான்.

இது யாரோ வேண்டுமென்றே செய்த வேலை அல்ல. 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்த தொகுதிக் கோடுகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. கோபி மக்களவைத் தொகுதி போய்த் திருப்பூர் வந்தது அப்போதுதான். மாவட்டம் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுசாக ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாவட்டத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டத் திஷா குழுவுக்கு எம்.பி.தான் தலைவர். பல எம்.பி.க்கள் இருக்கும் மாவட்டத்தில் ஒருவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். திருப்பூர் எம்.பி. இரண்டு கலெக்டர்களிடம் போய் நிற்க வேண்டும். நீலகிரி எம்.பி.க்கு நான்கு மாவட்டங்கள். அவர் தொகுதியில் சேர்ந்த பவானிசாகர் ஈரோடு மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில் இருக்கிறதே. ஒரு சாலைக்கோ ரயில்வே மேம்பாலத்துக்கோ மனுக் கொடுக்க நினைப்பவன் முதலில் யாரைப் பார்ப்பது என்றே குழம்பிப் போகிறான்.

எல்லாக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குமாரபாளையம் காவிரிக்கு அக்கரையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மக்களவைக்கு ஈரோட்டோடு சேர்த்திருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆற்றின் இரு கரையிலும் தறிதானே ஓடுகிறது? வேடிக்கை என்னவென்றால், பாலத்தைத் தாண்டினால் வரும் பவானி திருப்பூர் தொகுதியில். நொய்யல் ஆற்றுக்கோ எந்தக் கோடும் பொருட்டில்லை. கோவைச் சாக்கடையும் திருப்பூர்ச் சாயக்கழிவும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தபோது மாவட்ட எல்லை எதையும் தடுக்கவில்லை. ஆற்றுக்கு வடிநிலம், அதாவது அதற்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்பு, முழுவதையும் பார்க்கும் ஒரு அமைப்புத்தான் பொருத்தம்.

தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும் என்று மட்டும்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கோடு எங்கே விழும் என்று யாரும் கேட்பதில்லை. பொள்ளாச்சி, கோபி, பழனியைத் தனித்தனி மாவட்டமாக்கக் கேட்கிறார்கள். கொடுப்பதானால் முதலில் அதை முடிக்கட்டும், அப்புறம் தொகுதிகளை வரையட்டும். போன முறை போல முன்பின்னாக நடந்தால் இன்னொரு தலைமுறைக்கு இதே குழப்பம்தான்.

மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொது அமர்வும் நடத்த வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கட்சிக்காரர்கள் எப்படியும் போவார்கள். விசைத்தறிச் சங்கங்களும் விவசாய சங்கங்களும் போக வேண்டும். அதற்கு முன்பாக, மாவட்ட எல்லை, மக்களவைத் தொகுதி, ஆற்று வடிநிலம் மூன்றையும் வேறு வேறு நிறத்தில் காட்டும் கொங்குநாட்டு வரைபடம் ஒன்றை உங்கள் கோவை, ஈரோடு பதிப்புகளில் முழுப்பக்கமாக வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
அவிநாசி வாசகர் ஒருவர்