ஓடுகிற கில்னைக் காட்டாமல் சான்றிதழ் கொடுக்காதீர்கள்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும் பாடவிதானக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் நிலையத்தின் சீமெந்து உற்பத்திக் கற்கைநெறி பற்றி முன்னரும் எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. அதனால் இந்த முறை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். கேட்பது அதே பழைய விஷயம்தான்: ஓடுகிற கில்னுக்கு, அதாவது சீமெந்துச் சரக்கைச் சுடுகிற சுழலும் உருளைச் சூளைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பழக்காமல் எந்தப் பிள்ளைக்கும் கில்ன் இயக்குநர் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் படித்துச் சான்றிதழ் வாங்கி வெளிநாடு போன பெடியனின் தகப்பன் உங்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்லியிருக்கிறார். முழுக்கதையும் இங்கே வேண்டாம், அந்த இரவை மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆலை. கரண்ட் போய்விட்டது, நல்ல மழையும் கூட. 1450 பாகை செல்சியஸில் சரக்கு வெந்துகொண்டிருந்த கில்ன் அப்படியே நின்றுவிட்டது. பொறியியலாளர் ஆலையின் மற்றப் பக்கத்தில். பெடியன் எனக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, "மாமா, கில்ன் நிண்டிட்டுது, இப்ப என்ன செய்ய?" என்று கேட்கிறார். கரண்ட் இல்லாதபோது கில்னை மெதுவாகத் திருப்புகிற துணை இயக்கியின் டீசல் எஞ்சினைப் போட்டுத் திருப்பச் சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. உங்கள் பரீட்சையில் துணை இயக்கி பற்றிய கேள்விக்கு முழுப் புள்ளியும் வாங்கியவர் அவர்.

சூடான கில்ன் அசையாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேல்பக்கம் மழையில் குளிர்ந்து சுருங்கும், அடிப்பக்கம் சரக்கின் சூட்டில் நீண்டு கிடக்கும், ஷெல், அதாவது கில்னின் இரும்பு உருளை, வாழைப்பழம் மாதிரி வளையும். மழை இல்லாவிட்டால் ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கால் சுற்றுத் திருப்பினால் போதும், பிறகு இடைவெளியைக் கூட்டலாம். மழை என்றால் நிறுத்தாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் கில்ன் நின்ற உடனே, ஒரு பக்கம் ஏறிக் கிடக்கிற சரக்கின் பாரத்தால் அது முன்னும் பின்னும் ஆடும். ஆட்டம் அடங்க முன் கிளட்சைப் போட்டால் கியர்ப்பல்லைப் பிறகு நிலத்தில்தான் பொறுக்க வேண்டும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் பழக்க முடியாது. அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எஞ்சினைத் தேடிப் பிடித்துத் திருப்பத் தொடங்கியபோது ஷெல் வளைந்துவிட்டது. மீண்டும் ஓட்டியபோது ஒவ்வொரு சுற்றுக்கும் மோட்டாரின் அம்பியர் ஏறி இறங்கியது. உள்ளே சூடு தாங்கப் பதித்த கல் கழன்று விழுந்து, வெளியே ஷெல்லில் சிவப்புத் திட்டு. ஆலையை நிறுத்திக் கல் மாற்றினார்கள். பெடியனை இப்போது கில்னில் வெந்து வருகிற கிளிங்கர்க் கட்டி சிந்தினால் அதைக் கூட்டுகிற வேலையில் விட்டிருக்கிறார்கள். வீட்டில் ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசின் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் அவர் செய்த பிழை என்ன? உங்கள் முத்திரையை நம்பியதுதான்.

உங்கள் பாடக்குறிப்பின் போட்டோக்கொப்பியையும் வாங்கிப் பார்த்தேன். சரக்கு வேகிற எரிவலயத்தின் வெப்பம் இறங்கினால் எரிபொருளைக் கூட்டவும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். காற்று? கில்ன் வாயில் ஒட்சிசன் ஒரு வீதமாவது இருக்கிறதா என்று பார்க்காமல் நிலக்கரியைக் கூட்டினால் அது எரியாமல் காபனோரொட்சைட்டாகத்தான் போகும். தூசி பிடிக்கிற மின்வீழ்படிவாக்கி தானாக நிற்கும், வெப்பம் இன்னும் இறங்கும். கில்னின் உள்சுவரில் ஒட்டி இறுகிய சரக்கு வளையம் உடைந்து சரக்கு வெள்ளமாக வந்தால் முதலில் கில்னின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அரைத்த சரக்கு மாவைக் கில்னுக்குள் போக முன் சூடாக்குகிற சைக்கிளோன் அடைத்தால் கதவைத் திறக்கிறவனுக்கு மேல் 800 பாகைக்கு மேலான மாவு தண்ணீராகக் கொட்டும், ஆள் மிஞ்சமாட்டான். அதற்கு ஒரு பந்தி, அதுவும் கடைசிப் பக்கத்தில்.

ஒரு வெண்கட்டி என்ன விலை? ஷெல்லைச் சுற்றி நின்று அதைத் தாங்குகிற இரும்பு வளையமான டயருக்கும் ஷெல்லுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி, ஒரு சுற்று முடிய அது எத்தனை மில்லிமீற்றர் விலகுகிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்கு முதல் பழக்கிய வேலை. விலகவே இல்லை என்றால் டயர் ஷெல்லை நெரிக்கிறது என்று அர்த்தம். மிதமிஞ்சி விலகினால் உள்ளே கல்லுக்கு ஆபத்து. உங்களிடம் படித்த மூவரிடம் இதைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் போன வருடச் சான்றிதழ் விழாவில் எத்தனை பொன்னாடை போர்த்தினீர்கள் என்பது மூவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பொன்னாடைக் காசில் சூடு பார்க்கிற கருவி ஒன்றாவது வாங்கியிருக்கலாம்.

இந்த ஊருக்குக் கில்ன் புதிதும் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 இல் தொடங்கி 1990 இல் போரால் மூடப்படும் வரை ஓடியது. நீலக்கண்ணாடியால் சுவாலையைப் பார்த்தே, கறுப்பாக வருகிற வேகாத சரக்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று சொல்லக்கூடியவர்கள் தெல்லிப்பழையிலும் மல்லாகத்திலும் இன்னமும் இருக்கிறார்கள். அந்த ஆலையை மறுபடி இயக்கப்போவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் மேடையில் சொல்கிறார்கள். இயக்கினால் நல்லதுதான், நிலத்தடித் தண்ணீருக்கு வழி சொல்லிவிட்டு இயக்கட்டும். ஆனால் அன்றைக்கு அதை ஓட்ட ஆள் எங்கிருந்து வரும்? பழைய கைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவர்களை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் இன்றைக்குக் கிளிங்கர் சுடுவது புத்தளத்தில்தான். அங்கே எழுதிக் கேட்டு, ஒவ்வொரு அணியும் ஒரு தேர்ந்த இயக்குநரோடு சில வாரங்களாவது ஷிப்ட் நிற்க ஒழுங்கு செய்யுங்கள். மறுத்தால் இந்தியாவில் கேளுங்கள், அரியலூர்ப் பக்கம் சீமெந்து ஆலைகள் நிறைய இருக்கின்றன. எங்கேயும் இடம் கிடைக்கவில்லை என்றால் சான்றிதழில் 'எழுத்துப் பரீட்சை மட்டும்' என்று போடுங்கள், வேலைக்கு எடுக்கிறவன் அதைப் பார்த்து எடுக்கட்டும். ஓடுகிற கில்னைக் காணாத பிள்ளைக்கு இயக்குநர் என்ற பெயரை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வகுப்பெடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அடுத்த அணிக்கு விண்ணப்பம் கோர முன் ஒரு பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கில்ன் தொழிலாளி ஒருவர்,
தெல்லிப்பழை.