கோலம் முடிந்ததும் புத்தகம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பொது நூலகங்களில் பொங்கலுக்குக் கோலப் பயிற்சி நடத்துவது மகிழ்ச்சியான விஷயம். தரைவிரிப்பில் மாவு வேண்டாம். 12 அங்குலக் கறுப்பு அட்டையும் சாக்பீஸும் போதும். சிறுவர்களுக்கு 1, 3, 5, 3, 1 என 13 புள்ளிகள், 2 அங்குல இடைவெளியில். இடைவெளி பிசகினால் சிக்குக் கோலத்தின் வளைவு புள்ளியிலேயே முட்டும், பிள்ளை சோர்ந்துவிடும். அளவுகோல் வைத்தே புள்ளியிடச் சொல்லுங்கள்.

பிறகு பிள்ளைகளும் பெற்றோரும் தமிழ்ப் புத்தகம் தேடுவார்கள். அங்கேதான் சிக்கல். பல நூலகப் பட்டியல்களில் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கும். அதிலும் ழகரத்தை அடிக்கோடிட்ட ‘எல்’ (ḻ) என்று எழுதியிருப்பார்கள். நம்மவர்கள் ‘இஸட்-ஹெச்’ என்று தட்டுவார்கள். புத்தகம் அலமாரியில் இருந்தும் அகப்படாது. நூலகங்கள் புத்தக விவரத்தைக் கணினியில் பதியும் ‘மார்க்’ (MARC) பதிவில், தமிழ் போன்ற ரோமன் அல்லாத எழுத்துகளுக்கென 880-ஆம் புலம் இருக்கிறது. அதை நிரப்பித்தரத் தமிழ் தெரிந்த பெற்றோர் தயவுசெய்து முன்வர வேண்டும்.

— ஒரு வாசகர், நியூ ஜெர்சி