ரிவ்யூவர் எழுதிய கடிதத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி ஆய்விதழ்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காசு வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் கும்பல்களையும், அவசரத்துக்கு அங்கே போய் விழும் ஆராய்ச்சி மாணவர்களையும் நன்றாகவே காய்ச்சியிருந்தீர்கள். நடுவில் ஓர் ஆள் விட்டுப்போயிருக்கிறார். "இந்த இதழ் சரியானதுதான்" என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் நூலகராக இருந்தவன் நான். அந்தக் கையெழுத்துகளில் சில என்னுடையவை.

நடைமுறை தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போதும், ஸ்காலர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதும், கட்டுரை வந்த இதழ் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒப்புக்கொண்ட இதழ்களின் பட்டியலில் இருக்கிறது என்று யாராவது சான்று தர வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியில் அந்த வேலை நூலகத்தின் தலையில் விழுந்தது. இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் பட்டியலில் தட்டிப் பார்ப்பேன். இருந்தால் சீல், கையெழுத்து. ஒரு படிவத்துக்கு 2 நிமிடம். கட்டுரைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

ஐஎஸ்எஸ்என் என்றதும் பலர் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் 8 இலக்க அடையாள எண். டெல்லியில் உள்ள மையம் கட்டணமே வாங்காமல் கொடுக்கிறது. தெருவில் வீட்டுக்குக் கதவு எண் ஒட்டுகிறார்களே, அதுபோல. கதவு எண் இருப்பதால் வீட்டுக்காரர் யோக்கியர் என்று ஆகிவிடாது.

2021இல் வணிகவியல் ஸ்காலர் ஒரு பெண் வந்தார். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்டி செய்தவர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடனை எப்படித் திருப்பிக் கட்டுகின்றன என்பது ஆய்வு. "மூணே நாள்ல அக்செப்ட் ஆயிடுச்சு சார்" என்று படிவத்தை நீட்டினார். இதழின் பெயரும் எண்ணும் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தின. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் தன் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். அதில் அதே பெயரில் நாலைந்து பழைய இதழ்கள் உண்டு. எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். வட மாநிலத்தில் இருந்து வருவது. சிற்பம், கல்வெட்டு, சுவடி இவற்றைத் தவிர வேறு பேச்சே இல்லாத இதழ். பாதிப் பக்கங்கள் சமஸ்கிருதம். அதில் சுய உதவிக் குழுவுக்கு என்ன வேலை?

பின்னட்டையில் இருந்த லேண்ட்லைன் எண்ணுக்கு அடித்தேன். மூன்றாம் நாள்தான் யாரோ எடுத்தார்கள். வயதானவர் குரல். தான்தான் ஆசிரியர் என்றார். "எங்களுக்கு வெப்சைட்டே இல்லையே. கட்டணமும் வாங்குவதில்லை. இந்த மாதத்தில் இப்படிக் கேட்டுக் கூப்பிடுகிற பதினோராவது ஆள் நீங்கள்" என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொல்லிச் சலித்துக்கொண்டார்.

அதாவது யாரோ அந்த இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, இணையத்தில் அதற்கொரு நகல் கடை திறந்திருந்தார்கள். அந்தத் தளத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஒரே இதழில் நூற்றுக்கும் மேல் கட்டுரைகள். ஜிஎஸ்டி, நர்சிங், இறால் வளர்ப்பு, கான்கிரீட், கபடி. சிற்பம் பற்றி ஒன்றுகூட இல்லை. நான் சான்று கொடுத்தது இந்தக் கடைக்கு.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் கட்டுரையை உட்கார்ந்து படித்தேன். நூலகர் வேலையில் அது சேர்த்தி இல்லை, இருந்தாலும் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல உழைப்பு. ஊர் ஊராகப் போய் 200க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு எழுதியிருந்தார். மாட்டுக்கு வாங்கிய கடன் எப்படி மூத்த பெண்ணின் சீர்வரிசைக்குப் போனது என்பது வரை விவரம் இருந்தது. ஆனால் நான்காம் அட்டவணையில் சதவீதங்களைக் கூட்டிப் பார்த்தால் 108 வருகிறது. அர்ச்சனைக்குச் சரி, அட்டவணைக்கு ஆகாது. துறை தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் படித்திருந்தால் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். அந்த வட்டத்துக்கு ஆசைப்பட்டுத்தானே கட்டுரையை இதழுக்கு அனுப்புகிறோம்? அவருக்குக் கிடைத்தது 3,500 ரூபாய்க்கு ஜிபே ரசீதும், தங்க நிற பார்டர் போட்ட ஒரு சான்றிதழும். (கட்டுரையில் மூன்றாவதாக இருந்த பெயர் துறைத் தலைவருடையது. அந்த அட்டவணையை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அது தனிக் கதை.)

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய கைடோ, "அதான் லிஸ்ட்ல இருக்கே, விடுங்க சார்" என்றார். நான் கொடுத்த சான்றை எழுத்துமூலம் ரத்து செய்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அடுத்த சில மாதங்களில் அந்தத் தளமே காணாமல் போனது. கட்டுரைகளும் சேர்ந்து போயின. புகார் செய்யக்கூட முகவரி இல்லை.

புகார் செய்ய முகவரி இருப்பதையே நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரையை லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழ் 1998இல் வெளியிட்டது. முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். 12 வருடத் தாமதம் மன்னிக்கக் கூடியதல்ல. அதே லான்செட் 2020 மே மாதம் வெளியிட்ட கொரோனாவுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரையை, மூலத் தரவுகளைச் சரிபார்க்க முடியவில்லை என்று தெரிந்ததும் இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. சறுக்கிய இதழ்தான். ஆனால் அது தப்பு என்று இன்றைக்கும் அங்கேயே போய்ப் பார்க்கலாம். நான் சீல் குத்திக் கொடுத்த இதழில் எதைப் போய்ப் பார்ப்பது?

பட்டியல் கதைக்கு வருகிறேன். யுஜிசி 2017இல் வெளியிட்ட பட்டியலில் 38,000க்கும் மேல் இதழ்கள் இருந்தன. பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் அதில் நுழைந்தவற்றில் 1,009 இதழ்களைப் புனே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 88 சதவீதத்துக்கும் மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்று 2018இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அப்புறம் 2019இல் அதற்குப் பதிலாக 'கேர்' என்ற யுஜிசியின் புதிய பட்டியல் வந்தது. நகல் கடைக்காரர்கள் அந்தப் பட்டியலையே முகவரிப் புத்தகமாக வைத்துத் தொழில் செய்தார்கள். 2025 பிப்ரவரியில், பட்டியலே வேண்டாம், சில அளவுகோல்களை வைத்துக் கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று யுஜிசி ஒதுங்கிவிட்டது. பிஎச்டிக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தாமாகவே பிடித்து வைத்திருக்கின்றன.

பட்டியல் போனதற்கு நண்பர்கள் பலர் வருத்தப்படுகிறார்கள். நான் வருத்தப்படவில்லை. என்னைப் போன்றவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக நான் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டுரையோடும் அக்செப்டன்ஸ் கடிதத்தோடும், ரிவ்யூவர் (வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்லும் துறை அறிஞர்) என்ன எழுதினார், அதற்கு நீங்கள் என்ன திருத்தினீர்கள் என்ற காகிதத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். உண்மையான இதழில் எழுதிய யாரிடமும் அது இருக்கும். எங்கள் வேதியியல் துறை நண்பர் ஒருவரின் கட்டுரைக்கு வந்த கருத்துகள் மட்டும் 9 பக்கம். இரண்டாவது ரிவ்யூவரை ஏழு மாதம் திட்டிக்கொண்டே திருத்தினார். கட்டுரை வெளிவந்த பிறகு, "அந்தப் படுபாவி சொன்னது சரிதான்" என்று கேன்டீனில் வைத்து ஒப்புக்கொண்டார்.

ஏன் இந்தக் காகிதம் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று போதும். 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், புற்றுநோய் மருந்து பற்றி வேண்டுமென்றே ஓட்டை வைத்து ஒரு கட்டுரை தயாரித்தார். இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்து எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு, ஆளுக்கொரு வடிவமாக அதை அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 98 மறுத்தன. இந்தியாவிலிருந்து நடப்பவற்றில் 64 ஏற்றன, 15தான் மறுத்தன. என் தூக்கத்தைக் கெடுத்த எண் வேறு. 304இல் 36 இடங்களில் மட்டுமே கட்டுரையின் அறிவியல் குறையைச் சுட்டிக்காட்டி யாரோ எழுதியிருந்தார்கள். அந்த 36இலும் 16ஐ, குறை தெரிந்தே ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அதெல்லாம் போலியாகத் தயாரித்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். தயாரிப்பார்கள். தன் கட்டுரைக்குத் தானே வேறு பெயரில் ரிவ்யூவராக இருந்தவர்கள் வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறார்கள். 2023இல் வைலி என்ற பதிப்பு நிறுவனம் தன் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் சிறப்பிதழ்கள் என்ற பின்வாசல் வழியாக நுழைந்தவை. நம் ஊர்க் கருத்தரங்குச் சிறப்பிதழ்கள் நினைவுக்கு வருகின்றனவா? காலையில் குத்துவிளக்கு, மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். செங்கல் கனத்தில் இதழ் மட்டும் முதல் நாள் இரவே பைண்டு ஆகி வந்து இறங்கிவிடும். அதை எந்த ரிவ்யூவர் எப்போது படித்தார்? அதை நடத்திய பேராசிரியர்களில் நல்லவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்டால், "எல்லாரும் பதவி உயர்வுக்குப் பாயிண்ட் கேக்குறாங்க சார்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

போலிக் கடிதம் வரட்டும். அதைப் பிடிக்க ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்தாக வேண்டும், பக்கத்தில் கட்டுரையையும் வைத்துக்கொள்ள வேண்டும். "நன்றாக உள்ளது, வெளியிடலாம்" என்று ஒற்றை வரி இருந்தால் தேர்வுக் குழுவில் யாராவது ஒருவருக்காவது நெருடும். இப்போது நெருடுவதற்கே ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் அட்டவணையைத் திருத்தி வேறோர் இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. இன்னொன்றுக்கு அனுப்பினார். எட்டு மாதம் கழித்து, இரண்டு ரிவ்யூவர்களின் கருத்துகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். முதல் கேள்வி நான்காம் அட்டவணை பற்றியது: இப்போது கூட்டல் 100 வருகிறது, ஆனால் பதில் சொல்லாத பெண்களை எந்தப் பத்தியில் சேர்த்தீர்கள்? "இதை நீங்களும் கேக்கல, நானும் யோசிக்கல சார்" என்று சிரித்தார்.

2023இல் ஓய்வு பெறுவதற்கு முன்பு, அப்போதைய முதல்வரிடம் சொல்லி அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ரிவ்யூவர் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா? முதல் மாதம் 14 படிவங்கள் வந்தன. மூன்றில்தான் இணைத்திருந்தார்கள். மீதிப் பேரில் இருவர், "அப்படின்னா என்ன சார்?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நான் ஓய்வுபெற்று வந்த பிறகு படிவத்தைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். தாள் நன்றாக இருக்கிறது. அந்த வரியைக் காணவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
பாளையங்கோட்டை.