மலைக்கோட்டை ஏறிவந்து எழுதுவது

திருவையாறு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். எனக்கு விசா இன்னும் வரவில்லை. அந்தக் கவலையோடுதான் சென்ற வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் போய் மலைக்கோட்டை ஏறினேன்.

வயலும் வாழையுமான நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கோபுரம்தான் மலை. சுவாமிமலைகூட 60 படி வைத்துக் கட்டிய கட்டுமலையே. அதனாலோ என்னவோ, சமவெளியின் நடுவே 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த ஒற்றைப் பாறையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அது இமயமலையைவிடப் பழமையானது. சுற்றியிருந்தவை தேய்ந்து கரைந்துபோக, கடினமான அந்தப் பாறை மட்டும் எஞ்சி நிற்கிறது.

உச்சிக்குப் போகும் வழியில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. ஆறுகளின்மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியிடம் மயங்கிவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை விட்டு இம்மலைக்கே வந்து தங்கி, ‘இந்தக் காவிரி பல்லவனுக்கு உரியவள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. 1750களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கோட்டைக்காக மோதிக்கொண்ட கதைகளைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. கோட்டையில் மெயின்கார்டு கேட் போல ஏதோ கொஞ்சம்தான் மிச்சம். அடிவாரம் முழுவதும் இப்போது ஜவுளிக்கடையும் நகைக்கடையும்தான்.

தாயுமானவர் சந்நிதியில் நெடுநேரம் நின்றேன். மகளின் பேறுகாலத்துக்குப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட, இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலவரலாறு. அவளை மறித்தது வெள்ளம், என்னை மறிப்பது ஒரு முத்திரை என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உச்சிப்பிள்ளையாரிடம் போய்ப் பார்த்தால், வடக்கே காவிரியும் அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரிந்தன. முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்து அனுப்பிவிட்டு நம் ஊரை நோக்கி வரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுகப்பிரசவமானால் தாயுமானவருக்கு வாழைத்தார் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். கொல்லையில் பூவன் ஒன்று குலை தள்ளியிருக்கிறது. அதை வியாபாரிக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா